பத்தமடைப் பாய் கட்டுரை: குறிப்பு ஏகப்பட்டது இருக்கிறது, கோக்கத் தெரியவில்லை

சேரன்மாதேவிக்காரன்:
கல்லூரி மலருக்கு, எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் கோரைப் புல்லால் நெய்கிற பாயைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். மூன்று தடவை நேரில் போய் வந்து நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன்: கோரை அறுப்பது, கீறுவது, ஓடும் தண்ணீரில் ஊறப்போடுவது, சாயம், தறி, பருத்தி நூல் பாவு, பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு வியாபாரம், 1887-ல் சுவாமி சிவானந்தர் அந்த ஊரில் பிறந்தது, தாமிரபரணி அணைக்கட்டுகள் எல்லாம் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் ஆற்றில் ஆரம்பித்துப் பொதிகை மலைக்குப் போய்விடுகிறேன், பாய் வருவதற்குள் இரண்டு பக்கம் தீர்ந்துவிடுகிறது. முதலில் சட்டகம் போட வேண்டுமா, எழுதிவிட்டு வெட்ட வேண்டுமா?

பேட்டை டீச்சர்:
தம்பி, பழைய காலண்டர் தாளைக் கிழித்துத் துண்டுக்கு ஒரு விஷயம் எழுதித் தரையில் பரப்புங்கள். 'வியாபாரம்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதாதீர்கள், அது வெறும் தலைப்பு. 'இத்தனை நாள் உழைத்தும் கூலி கட்டவில்லை என்பதால் பிள்ளைகள் தறிக்கு வருவதில்லை' என்று, அவர்கள் அப்படிச் சொல்லியிருந்தால், முழு வாக்கியமாக எழுதுங்கள். பிறகு இரண்டு துண்டுக்கு நடுவில் 'அதனால்', 'ஆனாலும்', 'ஏனென்றால்' இதில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துகிறதென்றால் அந்த இரண்டுக்கும் உறவு இல்லை, பக்கத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

குறுக்குத்துறை:
டீச்சர் சொன்னது சரி. நன்னூல் நூலுக்குரிய பத்து அழகில் 'முறையின் வைப்பு', அதாவது விஷயங்களை வரிசைப்படி வைப்பது, என்று ஒன்றைச் சொல்கிறது. பத்துக் குற்றத்தில் 'மற்றொன்று விரித்தல்', அதாவது சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை வளர்ப்பது, வருகிறது, உங்கள் முதல் இரண்டு பக்கத்துக்கு அதுதான் பெயர். அதற்காக ஆற்றையே தூக்க வேண்டாம், கோரை ஊறுகிற இடத்தில் ஆறு தானாக வரும், அங்கே இரண்டு வரி போதும். சிவானந்தர் பெரியவர்தான், ஆனால் பாய்க்கு அவரால் ஒன்றும் ஆகவில்லை, அவருக்கு வேறொரு கட்டுரை எழுதுங்கள். 'சென்று தேய்ந்து இறுதல்' என்ற குற்றத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆற்றிலேயே மூச்சு வாங்கிவிட்டால் தறிக்கு வரும்போது எழுத்தில் தெம்பு இருக்காது.

களக்காட்டான்:
எனக்குச் சட்டகம் ஒத்துவராது அண்ணாச்சி. எழுதும்போதுதான் என்ன நினைக்கிறேன் என்றே பிடிபடும். மனம்போல எழுதிவிட்டு, மறுநாள் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் பென்சிலால் 'இது என்ன சொல்கிறது' என்று ஒரு வரி எழுதுவேன். வரி வராத பத்தி போய்விடும், ஒரே வரி இரண்டு இடத்தில் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். தம்பி, மூன்று தடவை போனீர்களே, நோட்டைப் பார்க்காமல் சொல்லுங்கள், கண்ணில் நிற்பது எது?

சேரன்மாதேவிக்காரன்:
கல்யாணப் பாய்தான். ஒரு அம்மா பொண்ணு பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் நெய்துகொண்டிருந்தார்கள். 'லெ' போடும்போது கொம்பு எத்தனை இழையில் வளைய வேண்டும் என்று வாய்விட்டு எண்ணினார்கள், எண்ணிக்கை தப்பியதும் கோரையை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டுத் திரும்ப எண்ண ஆரம்பித்தார்கள், நான் இருந்த ஒரு மணி நேரமும் அந்த ஓர் எழுத்துதான். இப்போது துண்டுகளைப் பரப்பிப் பார்த்தேன். கோரையை ஏன் அவ்வளவு மெலிதாகக் கீறுகிறார்கள், சாயம் ஏன் சீராக ஏற வேண்டும், கூலி ஏன் கட்டவில்லை என்ற மூன்றும் அந்த 'லெ'வுக்கு 'ஏனென்றால்' போட்டு ஒட்டிக்கொண்டன. அணைக்கட்டுக்கு இடமே இல்லை, எடுத்துவிட்டேன். அந்த எழுத்திலேயே தொடங்குகிறேன், ஞாயிற்றுக்கிழமை வரைவை இங்கே போடுகிறேன், டீச்சரும் பார்த்துச் சொல்லுங்கள்.