குரங்குக்கும் தானா வருது எண்டோமெட்ரியோசிஸ், அப்புறம் எப்படி இது லைஃப்ஸ்டைல் நோய்?

மழைமேகம்:
கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கற சவ்வு மாதிரியே ஒரு திசு வெளிய ஓவரி, குடல், மூத்திரப்பை மேலெல்லாம் ஒட்டி வளர்றதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இதப் பத்தி பேச்சு எடுத்தாலே லேட்டா கல்யாணம் பண்ணா, குழந்தைய தள்ளிப் போட்டா, கண்டத தின்னான்னு பழி முழுக்க பொண்ணு தலையிலதான் விழுது. ரீசஸ் குரங்கு, நீளவால் குரங்கு, பபூன் இதுக்கெல்லாம் யாரும் எதுவும் செய்யாமலே இந்த நோய் வருதுங்க. அதுங்களுக்கும் நம்மள மாதிரி பீரியட்ஸ் உண்டு, ரீசஸுக்கு சைக்கிளே கிட்டத்தட்ட 28 நாள். பீரியட்ஸ் வர்ற உடம்புக்கு வர்ற நோய் இது, பழி சொல்றத நிறுத்துங்க.

எதிர்க்கரை:
நீங்க சொல்ற குரங்கெல்லாம் எங்க இருக்கு தோழி? பெரும்பாலும் ஆராய்ச்சி மையத்துல. காட்டுல ஒரு பெண் குரங்கு வயசுக்கு வந்ததுலேர்ந்து சினை, பால் குடுக்கறது, மறுபடி சினைன்னே போயிடும், பீரியட்ஸ் வர்றதே கொஞ்சம்தான். கூண்டுல ஜோடி சேர்க்காம வெச்சா வருஷக்கணக்கா சைக்கிள் விடாம ஓடுது, வயசு ஏற ஏற நோயும் கூடுது. யாரையும் பழி சொல்ல வரல, ஆனா வாழ்ற முறைக்கு சம்பந்தமே இல்லன்னு குரங்க வெச்சு நிரூபிக்க முடியாது.

மழைமேகம்:
சைக்கிள் கூடினா ரிஸ்க் கூடும், அத நான் மறுக்கல. ஆனா அது மட்டுமே காரணம்னா ஒரே மையத்துல ஒரே சாப்பாடு சாப்பிட்டு வளர்ற குரங்குகள்ல சிலதுக்கு மட்டும் ஏன் வருது? அமெரிக்காவுல விஸ்கான்சின் குரங்கு ஆராய்ச்சி மையத்துல தலைமுறை தலைமுறையா ரெக்கார்டு வெச்சிருக்காங்க, அதுல பாத்தா நோய் சில குடும்பங்கள்லதான் கூட்டமா வருது. அந்த குரங்கு குடும்பங்களையும் மனுஷ குடும்பங்களையும் சேர்த்து வெச்சு பாத்துதான் 2021ல என்பிஎஸ்ஆர்1ங்கற ஜீனுக்கு தொடர்பு இருக்குன்னு சொன்னாங்க. பீரியட்ஸ் ரத்தம் கொஞ்சம் பின்னாடி வயித்துக்குள்ள போறது பெரும்பாலான பெண்களுக்கு நடக்குது, ஆனா நோய் வர்றது 10 பேர்ல ஒருத்தருக்குத்தான், மீதி 9 பேருக்கு ஏன் வரலங்கறதுதான் கேள்வியே.

வேதிமணி:
நடுவுல வர்றேன். 1993ல வந்த டையாக்சின்ங்கற நச்சு ரசாயனம் பத்தின ஆய்வ ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. சாப்பாட்டுல டிரில்லியனுக்கு 5 பங்கு, 25 பங்குன்னு கலந்து குடுத்த ரீசஸ் குரங்குகள்ல, பல வருஷம் கழிச்சு பாத்தா டோஸ் ஏற ஏற நோய் கடுமையா இருந்துச்சு. கதிர்வீச்சு பட்ட ரீசஸ் குரங்குகள்லயும் அதிகம். சுற்றுச்சூழல்தான் பெரிய வில்லன்.

எதிர்க்கரை:
அந்த ஆய்வுல ஒவ்வொரு குரூப்லயும் விரல் விட்டு எண்ற அளவுதான் குரங்கு. டையாக்சினே குடுக்காததுலயும் மூணுல ஒண்ணுக்கு நோய் இருந்துச்சே, அத என்ன சொல்வீங்க?

மழைமேகம்:
அதத்தான் நானும் சொல்றேன், எதுவும் குடுக்காமலே வருது.

பச்சைத்துளிர்:
எல்லாரும் காரணத்தையே பேசறீங்க, அந்த குரங்கோட வலிய யாரும் பேசல. அதுக்கு வாய் விட்டு சொல்லத் தெரியாது, சாப்பிடாம சுருண்டு படுத்துக்கும், மலம் கழிக்க கஷ்டப்படும், வயித்த தொட்டுப் பாத்தா கட்டி தெரியும். பொண்ணுங்களுக்கே நோய கண்டுபிடிக்க வருஷக்கணக்கா ஆகுது, குரங்குக்கு யார் பாக்கறா? அதுங்கள சாம்பிளா மட்டும் பாக்கறது எனக்கு சம்மதம் இல்ல.

வேதிமணி:
சகோ, வலி புரியுது, ஆனா எலிக்கு சாதாரணமா பீரியட்ஸே கிடையாது, திசுவ எடுத்து வயித்துக்குள்ள வெச்சு செயற்கையா நோய உண்டாக்கணும். 2023ல ஐஎல்-8 ங்கற அழற்சி புரதத்த தடுக்கற ஆன்டிபாடி, நோய் இருக்கற நீளவால் குரங்குகள்ல கட்டியோட அளவையும் தழும்பையும் குறைச்சதுன்னு ஜப்பான்லேர்ந்து ரிசல்ட் வந்துச்சு. ஹார்மோன நிறுத்தாம வைத்தியம் பாக்க ஒரு வழி, அது எலிய மட்டும் வெச்சு நம்பிக்கையா சொல்ல முடியாத விஷயம்.

பச்சைத்துளிர்:
தானா நோய் வந்த குரங்குக்கு வைத்தியம் பாத்துக்கிட்டே அதுலேர்ந்து கத்துக்கறது வேற, நல்லா இருக்கற குரங்க ஆபரேஷன் பண்ணி நோயாளி ஆக்கறது வேற. முதலாவதுக்கு நான் கை தூக்கறேன், ரெண்டாவதுக்கு முடியாது. ஆபரேஷன் பண்ணி உண்டாக்கின ஆய்வும் இதுல இருக்கு, அத மறைச்சு பேசாதீங்க.

மழைமேகம்:
மறைக்கல. அந்தக் கோட்ட எங்க போடணும்ங்கறதுல நான் உங்க பக்கம்தான் துளிர். எதிர்க்கரைக்கு மட்டும் ஒண்ணு, குழந்தை பெத்துக்கிட்டா சரியாயிடும்னு டாக்டர் ரூம்லயே சொல்ற ஆளுங்க இருக்காங்க, ஆனா சிசேரியன் பண்ண குரங்குகள்ல ரிஸ்க் கூடுதுன்னும் அதே விஸ்கான்சின் ரெக்கார்டு காட்டுது, அதனால குழந்தை பெத்துக்கறதே மருந்துன்னு சொல்லிட முடியாது.