ஆயா வீடு – குடும்பக் குழு

பெரிய மாமா: எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். பத்திரிகை அடிக்க வயது கேட்கிறார்கள். ரேஷன் கார்டில் ஒன்று, ஓட்டர் கார்டில் ஒன்று இருக்கிறது. எதைக் கொடுப்பது?

சென்னை அண்ணன்: ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கிறது மாமா. அதுவும் குத்துமதிப்பாகப் போட்டதுதான்.

காட்பாடி சித்தி: காமராஜர் தேர்தலை வைத்துக் கணக்குப் போடு அண்ணா. அம்மா அதைத்தானே சொல்லிக்கொண்டே இருக்கும்.

பெரிய மாமா: சரியாகச் சொன்னாய். 1954இல் காமராஜர் முதலமைச்சர் ஆன கையோடு நம் குடியாத்தம் இடைத்தேர்தலில்தான் நின்றார். அந்தக் காலத்தில் 21 வயது ஆனால்தான் ஓட்டு. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் ஓட்டுப் போட்டதாக அம்மா சொல்லும். அப்படிப் பார்த்தால் 1933க்குப் பிந்திப் பிறந்திருக்க முடியாது. 92 என்று போட்டுவிடவா?

என் அம்மா: போடுங்கள் அண்ணா. கூட இருந்தாலும் இருக்கும், குறையாது.

ஆம்பூர் சின்ன மாமா: ஊர் பேருக்குக் கீழே வட ஆற்காடு என்று போடலாமா? 1989இல் பிரித்தார்கள், 2019இல் மறுபடி பிரித்தார்கள். அம்மா வாயில் கடைசி வரைக்கும் வட ஆற்காடுதான்.

பெரிய மாமா: வேலூர் மாவட்டம் என்றே இருக்கட்டும்டா, வெளியூர்க்காரர்கள் வர வேண்டும். அப்புறம், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை வருகிறார்கள்.

நான்: மாமா, சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

சென்னை அண்ணன்: அங்கே என்ன இருக்கிறது?

நான்: நம் எல்லாருடைய போன் நம்பரும். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். கைலி நெய்து கூலி எண்ணி வாங்கிய ஆள், எண்ணில் யாரும் ஏமாற்ற முடியாது. வீட்டுக்குப் போன் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. எது யார் நம்பர் என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு படம் போடச் சொன்னது. சின்ன மாமாவுக்கு ஷூ. சித்திக்கு ரயில். எங்கள் வீட்டுக்கு வேலூர்க் கோட்டை. பல்லு பல்லாக ஒரு பெட்டிதான் வரைந்தேன். பார்த்துவிட்டு, "அகழி எங்கேடி?" என்று கேட்டு, நீலச் சாக்பீஸை வாங்கி அடியில் ஒரு கோடு இழுத்தது ஆயாதான். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

காட்பாடி சித்தி: பெரிய அண்ணனுக்குப் பஸ். கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகும் பஸ்தான். என் ரயிலுக்குப் பக்கத்தில் நாலு நம்பர் இருக்கும். ஒவ்வொரு முறை நான் மாற்றும்போதும் பழையதை அடித்துவிட்டுக் கரித்துண்டால் புதுசை எழுதும்.

அப்பா போனபோது எனக்கு ஏழு வயது. அதுவரை அம்மா தார் சுற்றிக் கொடுக்கும், அப்பா நெய்வார். பதினாறு கழிந்த மறுவாரமே குழித்தறியில் அம்மா இறங்கிவிட்டது. மாமன்மார் வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. ராத்திரி தறிச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வோம், அம்மாவுக்கு என்னவோ என்று.

சென்னை அண்ணன்: நானும் சென்னைக்கு எத்தனையோ முறை கூப்பிட்டேன். "நான் அங்கே வந்துவிட்டால் சிரசுத் திருவிழாவுக்கு நீங்கள் எல்லாம் எந்த வீட்டுக்கு வருவீர்கள்?" என்று ஒரே கேள்விதான். பொங்கலுக்கு வராவிட்டால் ஒன்றும் சொல்லாது. வைகாசி 1 அன்று கெங்கையம்மன் சிரசுக்கு ஒரு தலை குறைந்தாலும் போன் வந்துவிடும்.

என் அம்மா: 2021இல் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது கூட்டிவரப் போனேன். எதிர் வீட்டு மாடியில் பத்துப் பேருக்கு உலை வைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா, வெங்காயம் உரி" என்றது. அதற்கு மேல் எங்கே கூப்பிடுவது?

ஆம்பூர் சின்ன மாமா: எனக்கு அந்த மஞ்சள் பைதான் கண்ணிலேயே நிற்கிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறி வரும். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பிவிடும். ஒரு நாள் தங்கு என்றால், "நான் நல்லா இருக்கும்போது வந்து போறதுதான்டா அழகு" என்று சொல்லும்.

*மறுநாள்*

பெரிய மாமா: அந்தச் சுவரை விட்டுவிட்டார்கள். ஆனால் அடியில் கரியால் ஒரு விளக்குப் படம், அதற்கு ஒரு நம்பர். இது யாருக்கு வரைந்தாய் கண்ணு?

நான்: நான் விளக்கு வரையவே இல்லை மாமா. ஆயாவே வரைந்திருக்கும்.

காட்பாடி சித்தி: போட்டுப் பார் அண்ணா.

பெரிய மாமா: போட்டேன். எதிர் வீட்டு அம்மா எடுத்தார்கள். நேரிலேயே வந்து சொன்னார்கள். இரண்டு பேருக்கும் ஒரு பேச்சு இருந்திருக்கிறது. தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு அம்மா வாசல் விளக்கைப் போடும். ஆறு மணிக்குள் விளக்கு எரியவில்லை என்றால் அவர்கள் வந்து கதவைத் தட்ட வேண்டும். ராத்திரியில் முடியவில்லை என்றால் அம்மா அந்த நம்பருக்குப் போன் போடும். ஒன்பது வருடமாக நடந்திருக்கிறது. "பிள்ளைங்ககிட்ட சொல்லாதே, பயந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க" என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறது.

என் அம்மா: அன்றைக்கு ஆறு மணிக்கே நமக்குப் போன் செய்தது அவர்கள்தானே. எப்படித் தெரிந்தது என்று நாம் ஒருவரும் கேட்கவே இல்லையே அண்ணா.

சென்னை அண்ணன்: என்னால் டைப் செய்ய முடியவில்லை.

காட்பாடி சித்தி: காரியத்துக்கு எனக்கும் அக்காவுக்கும் எடுக்கிற புடவையோடு அவர்களுக்கும் ஒன்று எடு அண்ணா. அதே விலையில்.

பெரிய மாமா: மூன்றாக எடுத்துவிட்டேன்மா. வாசல் விளக்கை இன்றைக்கு நான் போட்டேன். எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது.