புதுப்பிப்பு: கிண்டிலில் தமிழ் பிடிஎஃப், தீர்வு கிடைத்தது

அப்பாவின் 6 அங்குல கிண்டிலில் (அமேசானின் மின்னூல் படிக்கும் கருவி) ஸ்கேன் செய்த தமிழ் பிடிஎஃப்கள் எறும்பு ஊர்வதுபோல் பொடிப்பொடியாகத் தெரிகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கருவியைப் படுக்கவாட்டில் திருப்பிப் பார்த்தோம். எழுத்து பெரிதானது, ஆனால் ஒரு பக்கத்துக்கு மூன்று முறை நகர்த்த வேண்டியிருந்தது. பலித்தது, பிடிஎஃப்பை விட்டு இபப் (EPUB என்ற மின்னூல் கோப்பு வடிவம்) தேடச் சொன்ன யோசனைதான். ஸ்கேன் பக்கம் வெறும் படம். எழுத்தின் அளவை மட்டும் கூட்ட முடியாது. இபப்பில் கூட்டினால் வரிகள் தானாக மடங்கிக்கொள்கின்றன. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாகவே எடுத்து, கோப்பைக் கருவிக்கு அனுப்பும் அமேசானின் சென்ட் டு கிண்டில் சேவை வழியாக அனுப்பினேன்.

எதிர்பாராத ஒன்று: டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் இருந்த கோப்பு ஒன்று முழுக்கக் கிறுக்கலாக வந்தது. இன்று பொதுவாக வழங்கும் யூனிகோடு குறியாக்கத்தில் அதே நூலின் பதிப்பைப் போட்டதும் சரி.

கனமான பைண்டு புத்தகத்தைப் பிடிக்க முடியாமல் படிப்பதையே விட்டிருந்த அப்பா, இப்போது ஈசிச்சேரில் சாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்துப் படிக்கிறார்.