பீம், லிண்டல், ஜாயிஸ்ட், கர்டர்: நாலுமே 'உத்தரம்' தானா?

வரைபலகை:
சிவில் டிராஃப்டிங் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். இந்த நாலு சொல்லுக்கும் உத்தரம், விட்டம் என்றே போட்டு வந்தேன். 'ஜாயிஸ்ட்டுகள் கர்டர் மேல் உட்காரும்' என்ற வரி 'உத்தரங்கள் உத்தரத்தின் மேல் உட்காரும்' என்று வந்து நிற்கிறது. பருமனை வைத்துப் பிரிக்கலாமா?

ரசமட்டம்:
பருமனை நம்பாதீர்கள். அதன் மேல் என்ன உட்கார்கிறது, அது எதன் மேல் உட்கார்கிறது என்று பாருங்கள். பீம் பொதுப்பெயர். மற்ற மூன்றும் பார்க்கும் வேலையால் வந்த பெயர்கள்.

தளத்தை நேரடியாகத் தாங்க, நெருக்கமாக வரிசை கட்டிக் கிடப்பவை ஜாயிஸ்ட். சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தெரியும் தேக்குக் கட்டைகள் அவைதான். அவற்றின் மேல் செங்கலைக் குத்துவாக்கில் வைத்துச் சுண்ணாம்புக் கலவையில் கட்டியிருப்பார்கள். அறை அகலமாக இருந்தால் அந்தக் கட்டைகளுக்கு அடியில் குறுக்கே தடித்த மரமோ இரும்போ போகும். அது கர்டர். மற்ற உத்தரங்களின் சுமையை வாங்கித் தூணுக்கோ சுவருக்கோ கொடுப்பது அதன் வேலை.

குழப்பத்துக்கு நம் பேச்சுவழக்கும் காரணம். ஐ வடிவ இரும்பு எதைக் கண்டாலும் 'கர்டர்' என்கிறோம். கடைப் பட்டியலில் அதே இரும்பு ஐ.எஸ்.எம்.பி. 200, அதாவது 200 மி.மீ. உயரமுள்ள பீம். அதை ஜாயிஸ்ட்டாகவும் போடலாம், கர்டராகவும் போடலாம்.

தூக்குக்குண்டு:
லிண்டலைத் தனியாகப் பார்க்க வேண்டும். கதவு, ஜன்னல் திறப்புக்கு மேல் மட்டும் வருவது. இரு பக்கமும் சுவரில் குறைந்தது 15 செ.மீ. உட்கார வேண்டும். மேலே போதிய சுவர் இருந்தால், திறப்பின் அகலத்தை அடியாகக் கொண்ட சமபக்க முக்கோணச் சுவரின் எடைதான் அதன் மேல் இறங்கும். மீதி வளைவுபோல் பக்கங்களுக்குப் போய்விடும். லிண்டல் மெலிசாக இருப்பது அதனால்தான்.

ஆனால் 4 அடி ஜன்னலுக்கு அந்த முக்கோணத்தின் உயரமே சுமார் 3.5 அடி. 7 அடியில் லிண்டல், 10 அடியில் கூரை என்றால் அவ்வளவு சுவர் கிடையாது. கூரை அந்தச் சுவர் மேலேயே உட்கார்ந்தால் அதன் சுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெயர் லிண்டல்தான், வேலை பீம் வேலை.

லிண்டலோடு சேர்த்து வார்க்கும் சன்ஷேடையும் பாடத்தில் பிரித்துச் சொல்லுங்கள். லிண்டலில் முக்கியக் கம்பி அடியில், சன்ஷேடில் மேலே. மாற்றிக் கட்டினால் சன்ஷேடு சுவரோரம் வெடித்துத் தொங்கும்.

வரைபலகை:
நன்றி. வீடு முழுக்கச் சுற்றி ஓடும் லிண்டலுக்கும் அதே பெயர்தானா? காலம் (column), பில்லர், பியர் மூன்றையும் 'தூண்' என்றே விடலாமா?

ரசமட்டம்:
திறப்பு இல்லாத இடத்தில் அது சுவர்களை இழுத்துக் கட்டும் பட்டை. நிலநடுக்கப் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4326 அதை லிண்டல் பேண்ட் என்கிறது. காலம் கணக்குப் போட்டு நிறுத்திய தூண். பில்லர் பொதுச்சொல், எதையும் தாங்காத நினைவுத்தூணுக்கும் பொருந்தும். சைட்டில் 'பில்லர்' என்றால் காலம்தான், அது வேறு கதை. பியர் பாலத்தின் நடுத்தாங்கி. இரு கரையில் இருப்பவை அபட்மென்ட். அதனால் 'பாலத் தூண்' என்றால் பியருக்குச் சரி, அபட்மென்டுக்குத் தப்பு.

உங்கள் வரியை 'வரிசை உத்தரங்கள் முதன்மை உத்தரத்தின் மேல் உட்காரும்' என்று எழுதலாம். லிண்டலை லிண்டலாகவே விடுங்கள், கொத்தனாருக்கும் அதுதான் தெரியும்.

தூக்குக்குண்டு:
ஓட்டுக்கூரைப் பாடம் வந்தால் சரிந்து நிற்கும் கைமரத்தை ஜாயிஸ்ட் ஆக்கிவிடாதீர்கள். அது ராஃப்டர். அதைத் தாங்கக் குறுக்கே படுத்திருப்பது பர்லின்.