குஞ்சுகளை வெளிக்கூண்டுக்கு இப்போதே மாற்றலாமா?

வணக்கம். எங்கள் கோழிக்குஞ்சுகளுக்கு 5 வாரம் ஆகிறது. புரூடரில் (பல்புச் சூட்டில் குஞ்சுகளை வளர்க்கும் பெட்டி) இடம் போதவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிக்கின்றன, தண்ணீர்த் தட்டு எந்நேரமும் மரத்தூளாகக் கிடக்கிறது. வெளியே கூண்டு தயார். எப்போது மாற்றுவது என்பதில்தான் குழப்பம்.

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வைத்து, வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்தோம். இப்போது பகலில் பல்பே போடுவதில்லை. ஒண்டாமல், தனித்தனியாகக் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகின்றன. பெரும்பாலானவற்றுக்கு இறகு முளைத்துவிட்டது. ஆனால் இரண்டு குஞ்சுகளுக்குக் கழுத்திலும் வயிற்றடியிலும் இன்னும் பஞ்சுமயிர்தான். அவற்றை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இரவுக் குளிரைத் தாங்குமா? 6 வாரம் முடியட்டும் என்று எனக்குப் படுகிறது. மற்றவற்றை மட்டும் முதலில் மாற்றினால், பிறகு சேர்க்கும்போது இந்த இரண்டையும் கொத்தி விரட்டும். அதனால் பிரிக்க மனமில்லை.

பகலில் வெளியே விட்டு, இருட்டுவதற்குள் உள்ளே கொண்டுவந்து பழக்கியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாள் அப்படிச் செய்தீர்கள்?

கூண்டுக்கு அரை அங்குலக் கண்ணியுள்ள கெட்டிக் கம்பிவலை அடித்திருக்கிறோம். சாதாரணக் கோழிவலையை நாய் பிய்த்துவிடும், எலியும் நுழைந்துவிடும். காற்றோட்டத்துக்கு மேலே திறப்பு உண்டு, படுக்கும் உயரத்தில் காற்று நேராக அடிக்காது. முதல் சில இரவுகளுக்கு உள்ளே பல்பு அவசியமா? மரத்தூளில் தீப்பிடித்துவிடுமோ என்று எனக்கு அதில் விருப்பமில்லை. வேறு வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.