வெள்ளவத்தை அனெக்ஸ்: எக்ரிமென்ட் எழுத முதலே அட்வான்ஸ் கேக்கினம், குடுக்கலாமோ?

மீசாலைப் பொடியன்:
வேலை மாறிக் கொழும்புக்கு வந்து ரெண்டு கிழமை. கொட்டாஞ்சேனையில சித்தப்பா வீட்டு ஹோலில படுக்கிறன். வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் ஒரு அனெக்ஸ் (பெரிய வீட்டோட சேந்த தனிப் பகுதி) பாத்தாச்சு. மாதம் 85,000. அட்வான்ஸ் ஆறு மாதம், 5 இலட்சத்து 10 ஆயிரம். வீட்டுக்காரர் கனடாவில, திறப்பு அவரின்ர மச்சானிட்ட. "தம்பி, வெள்ளிக்கிழமை காசைக் கையில தாங்கோ, திறப்பைத் தாறன். எக்ரிமென்டை அத்தான் ஆவணியில வரேக்க எழுதுவம்" எண்டுறார். புரோக்கருக்கும் ஒரு மாத வாடகை அண்டைக்கே வேணுமாம். வேற மூண்டு பேரும் கேட்டிருக்கினமாம் (எந்த வீட்டுக்குத்தான் கேக்கேல்லை!). அம்மா நகை அடகு வைச்சு அனுப்பின காசு. என்ன செய்ய?

ஹம்டன் லேன் அக்கா:
குடுக்காதேங்கோ தம்பி. அட்வான்ஸ் எண்ட சொல்லுக்குக் கொழும்பில ரெண்டு கருத்து. ஒண்டு, மாதாமாதம் வாடகையில கழிஞ்சுகொண்டு போறது. மற்றது, வெளிக்கிடேக்க திருப்பித் தாற டிப்போசிட். 2016இல பாமன்கடையில நான் கழியும் எண்டு நினைச்சன், அவை டிப்போசிட் எண்டினம். கையில இருந்தது கொப்பித்தாளில ஒரு கையெழுத்து. கடைசியில பெயின்ட், குளியலறைக் கதவு, பைப் எண்டு வெட்டி வெட்டி மிச்சம் தந்தது ஒரு மாதக் காசு. அந்தக் கதவு நான் குடிவரேக்கயே உக்கித்தான் இருந்தது! படம் எடுத்து வைக்கேல்லை. நீங்கள் எடுங்கோ, மீற்றரையும் சேத்து.

புதுக்கடைக் கிளாக்:
லோயர் ஒராளிட்ட வேலை செய்யிறன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் நொத்தாரிசுக்கு (உறுதி எழுதுற லோயர்) முன்னால, ரெண்டு சாட்சியோட எழுதவேணும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் அது, இப்பவும் இருக்கு. வீட்டுக்காரர் வரத் தேவையில்லை. மச்சானுக்கு அற்றோணித் தத்துவம் குடுத்திருந்தா அவரே ஒப்பம் வைக்கலாம். அதைக் கேளுங்கோ. வீடு அவரின்ரதுதானோ எண்டு உறுதிப் பிரதியையும் பாருங்கோ. கரண்ட் பில்லில வேற பேர் இருந்தா ஏனெண்டு கேளுங்கோ.

மாடிவீட்டுக்காரர்:
நான் வாடகைக்கு விடுறவன். அட்வான்ஸ் வராமல் நானும் திறப்புக் குடுக்கமாட்டன். குடியேறினாப் பிறகு "நாளைக்கு சைன் வைக்கிறன் அங்கிள்" எண்டு நாலு மாதம் இழுத்த ஆக்களைக் கண்டிருக்கிறன். வீட்டைப் பிடிச்சு வைக்க 25,000 குடுத்து ரிசீட் எடும். மிச்சத்தை லோயரின்ர மேசையில, ஒப்பம் வைச்ச கையோட, வீட்டுக்காரரின்ர கணக்குக்கு பாங்க் ட்ரான்ஸ்பர். திறப்பும் அதே மேசையில. குடியிருக்கிற ஆக்களைப் பொலிசில பதியிற பத்திரத்தில ஆர் கையெழுத்து வைக்கிறதெண்டும் கேளும்.

மீசாலைப் பொடியன்:
கேட்டன். அற்றோணி அலுமாரிக்குள்ள ஆறு வருசமாக் கிடக்காம்! முதல் இருந்த ஆக்கள் ஒருத்தரும் கேக்கேல்லையாம். அட்வான்ஸ் டிப்போசிட்தானாம், அதை எக்ரிமென்டில எழுதச் சொல்லியாச்சு. செவ்வாய் 3 மணிக்குப் புதுக்கடை, லோயர் காசு பாதி பாதி. புரோக்கர்தான் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லை.