மாத்திரையா, திக்ரா? ஒன்றை விடணுமா?

கேள்வி (குன்னூர்):
அஸ்ஸலாமு அலைக்கும். தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்டு பார்க்கிறேன். பத்து மாதத்துக்கு முன் அத்தா மௌத்தானார் (அப்பா இறந்துவிட்டார்). அப்போதிருந்து தூக்கம் போச்சு, நெஞ்சுக்குள் எதையோ முடிச்சுப் போட்டு இறுக்கினது போல இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், கொஞ்சம் தேறினேன். வியாழன் மஃரிபு தொழுகைக்குப் பிறகு, இறைவனை நினைத்துத் திரும்பத் திரும்ப ஓதும் திக்ரு மஜ்லிஸில் உட்காருவேன். முடிந்து பனிமூட்டத்தில் ஃபேக்டரிக்கு நடக்கும்போது மனசு லேசாக இருக்கும். போன வாரம் அங்கே ஒருவர், "கல்பு (உள்ளம்) நோய்க்கு மாத்திரை எதுக்கு? ஈமான் (இறைநம்பிக்கை) பத்தலை" என்றார். இப்போது மாத்திரை அட்டையைப் பிரிக்கவே கை கூசுகிறது. இரண்டில் ஒன்றை விடணுமா?

பதில் 1 (கூடலூர்):
வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. யாருக்கு ஈமான் பத்தலை? பெரிய மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலிக்கா? 1095-ல் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு நாக்கு எழவில்லை, ஒரு கவளம் இறங்கவில்லை. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, மனதில் தொடங்கி உடம்புக்கு வந்த நோய் என்றார்கள். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பதவியை விட்டு டமாஸ்கஸ் போய்த் தனித்திருந்தார். திரும்பப் பாடம் நடத்த 11 வருஷம் ஆச்சு. அதே இமாம்தான் இஹ்யா என்ற தன் நூலில், வைத்தியம் படிப்பது பர்ளு கிஃபாயா (சமூகக் கடமை), ஊரில் ஒருவராவது படித்திருக்க வேண்டும் என்கிறார். வைத்தியமே கடமை என்றால் மாத்திரை எப்படிக் குற்றமாகும்?

பதில் 2 (ஊட்டி, நர்ஸ்):
தம்பி, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டென்று விட்டால் தலைசுற்றல், பதற்றம் எல்லாம் வரலாம். குறைப்பதென்றால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்கணும். திக்ரும் வெறும் நம்பிக்கை விஷயம் இல்லை. 2001-ல் ஓர் ஆய்வில் ஜெபமாலை சொன்னவர்களுக்கும் மந்திரம் சொன்னவர்களுக்கும் மூச்சு நிமிடத்துக்கு 6 தடவையாக இறங்கியிருக்கிறது. நீட்டி ஓதும்போது மூச்சு நிதானமாகிறது, உடம்பும் தளர்கிறது. அதே 2001 ஆகஸ்டில்தான் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கூட்டிவந்த மனநோயாளிகள் 28 பேர் சங்கிலியோடு தீயில் போனார்கள். துஆ (பிரார்த்தனை) போதும், டாக்டர் வேண்டாம் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். ராத்திரியில் ரொம்ப முடியவில்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். அரசு மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி கேட்டவர்:
ஜஸாக்கல்லாஹ் அண்ணா, அக்கா. நேற்று டாக்டரிடம் திக்ரைப் பற்றியும் சொல்லிவிட்டேன். "அதையும் விடாதீங்க" என்றார். ராத்திரி கொழுந்து வாட்டும் தொட்டியில் ஃபேன் ஓடும்போது அந்தச் சத்தத்துக்குள் 'லா இலாஹ' என்று மூச்சை நீட்டிப் பார்த்தேன். ஒரு கை கொழுந்தை அள்ளிப் பிழிந்தேன், உடையாமல் பந்து மாதிரி நின்றது. பதம் வந்திருந்தது. அத்தாதான் எனக்கு இந்தப் பதம் சொல்லிக் கொடுத்தவர். அங்கேயே நின்று அழுதுவிட்டேன். பத்து மாதத்தில் இப்போதுதான் அழுகை வந்தது.